வெள்ளிக்கிழமை இருட்டு

வெள்ளிக்கிழமையானால் வானம் ஏன் கூடுதலாக இருட்டுகிறது? மூன்று மாதமாக என் மண்டையைக் குடைந்த கேள்வி இதுதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இரவு வானத்தின் வெளிச்சத்தை அளப்பது என் முனைவர் பட்ட வேலை. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கருவியை, பட்டாசு ஆலைகள் சூழ்ந்த வெம்பக்கோட்டையில் சண்முகத்தாய் அக்கா வீட்டு மொட்டைமாடியில் பொருத்தியிருந்தேன். மேலே வட்டமாக ஒரு கண்ணாடி. அதன் வழியே இரவெல்லாம் வானத்தைப் பார்த்து, விருதுநகரில் இருக்கும் என் கம்ப்யூட்டருக்கு எண்களை அனுப்பிக்கொண்டிருக்கும். எண் கூடினால் இருட்டு, குறைந்தால் வெளிச்சம்.

"கூடுனா இருட்டா? என்ன கணக்கும்மா இது?" என்றார் என் அத்தா காதர் பாட்சா. மிளகாய் வற்றல் வியாபாரம் பார்ப்பவர்.

"அது அப்படித்தான் அத்தா, விடுங்க" என்றேன். எனக்கே ஒன்றும் விளங்காதபோது அவருக்கு என்னத்தை விளக்குவது?

வெள்ளிதோறும் எண் தடாலென்று ஏறும். மழை பெய்தால் இறங்கிவிடும். அடுத்த வெள்ளி மறுபடி ஏறும். நிலாவைக் கழித்துப் பார்த்தேன், மேகத்தைக் கழித்துப் பார்த்தேன், கரண்ட் போன நேரத்தைக்கூடக் கழித்துப் பார்த்தேன். கடைசியில் நானாக ஒரு காரணம் கட்டினேன். பட்டாசு ஆலைத் தூசி வாரமெல்லாம் சேர்ந்து நட்சத்திரங்களை மறைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது. ஆகா, என்ன பொருத்தம்! ஆய்வேட்டில் எழுதியும்விட்டேன். திங்களன்று கொடுக்க வேண்டும். ஆனால் ஆலைகள் சனிக்கிழமையும்தானே ஓடுகின்றன? அன்றைக்கு எண் ஏன் மேலும் ஏறவில்லை? இந்த ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வெள்ளி காலை பஸ் ஏறிவிட்டேன்.

"வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா?" என்ற அக்காவுக்குப் பதில்கூடச் சொல்லாமல் மாடிக்கு ஓடினேன். காலேஜில் படிப்பவள் என்றாலே அவருக்கு டீச்சர்தான்.

கண்ணாடியின் நடுவில், ஈரம் காயாத சந்தனம். அதன் மேல் குங்குமம்.

யா அல்லாஹ்! பின்னாலேயே ஏறி வந்த அக்காவிடம் கத்தினேன். "யாருக்கா இதுல பொட்டு வச்சது?"

"நாந்தேன். வெள்ளிக்கெளம தலைக்கு ஊத்திட்டு வைப்பேன். மழ பேஞ்சா அழிஞ்சுருதுல்ல, அதான் வாரா வாரம்."

"கண்ணை மறைச்சா அது எப்படிக்கா பார்க்கும்? மூணு மாச வேலை அம்புட்டும் குப்பை! திங்கக்கிழமை நான் என்னத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க?"

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கென்ன டீச்சர் தெரியும்? காத்துல பொகை, மருந்து, எது வந்தாலும் இது காட்டிக்குடுத்துரும்னு நீங்கதான சொன்னீக. இந்த வருசம் மக்காச்சோளம் ஏமாத்திருச்சு. எம் மக கற்பகவல்லி அச்சங்குளத்துப் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போறா. வெடிமருந்து கலக்குற ஷெட்டுல. மூணு மாசமாச்சு. எதுவும் ஆகப்போகுதுன்னா இது முன்கூட்டியே சொல்லிரும்ல?"

நான் சொன்னதுதான். மாடியில் இடம் கேட்டு வந்த அன்று, மாட்டேன் என்றுவிடுவாரோ என்ற பயத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் அள்ளிவிட்டேன். அதைச் சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது.

இப்போது என்ன சொல்வது? ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, பொட்டை மட்டும் பக்கவாட்டில் வைக்கச் சொல்லலாம். அவர் நிம்மதியாக இருப்பார், எனக்கும் இனி எண்கள் ஒழுங்காக வரும். அது நல்லதா, பாவமா? ஆலைத் தூசி என்று சாதித்து எழுதியவளுக்கு, அந்த நிமிடம் எது சரி என்று சத்தியமாகத் தெரியவில்லை. கோபம் போன இடமும் தெரியவில்லை.

"இல்லக்கா" என்றேன். "இது வானத்து வெளிச்சத்தை மட்டுந்தான் பார்க்கும். ஆலைக்குள்ள நடக்குறது இதுக்குத் தெரியாது. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு."

அக்கா குனிந்து, முந்தானையால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார். சந்தனம் துளிகூட மிச்சமில்லாமல் போயிற்று. துணியை உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப மூணு மாசமா எம் புள்ளயப் பாத்துக்கன்னு நான் யாருகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன், டீச்சர்?"