மாமனுக்கு ஆகாத பிள்ளை

கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று எவன் சொல்லிவைத்தானோ, அவன் வாயில் மண் விழ! போன வாரம் ஸ்கேனில், தினேஸ்வரியின் பிள்ளைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருப்பது தெரிந்தது. இது சகஜம்தான் என்று டாக்டர் சொன்னது அவள் அம்மா மாரியம்மாவின் காதில் ஏறவே இல்லை.

"பிள்ளை பொறந்து, அது முகத்த நீ மொதல்ல எண்ணெயில பாத்து தோஷம் கழியுற வரைக்கும் இந்தப் பக்கம் வராதடா" என்று மகன் கோகிலனை விரட்டிவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. கோகிலனே கொடி சுற்றிப் பிறந்தவன். அவன் பிறந்த முப்பதாம் நாள், அவளுடைய ஒரே தம்பி அர்ச்சுனன் லாரியில் அடிபட்டுச் செத்தான். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த கோகிலனுக்கும் பயம்தான். காரை எடுத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்த கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை காலை தங்கச்சியின் அலறல் கேட்டுச் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். மாரியம்மா வாசலில் நின்று கைப்பேசியில் யாரிடமோ கார் கேட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சுகுமாரன் தூரத்து லூமுட்டில் வேலையில் இருந்தான்.

"பனிக்குடம் ஒடைஞ்சு கொடி வெளிய வந்துருச்சுடா! பத்து நிமிசமாச்சு. நீ உள்ள வராத!"

"பின்னால கார வச்சிக்கிட்டு நான் இருக்கேன், நீ ஊரெல்லாம் கார் தேடுறியாம்மா?"

ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தான். எடுத்த நர்ஸ் மிஸ்ஸி நல்லவேளையாகத் தமிழச்சி. "கொடிய தொடாதீங்க. முட்டி போட்டு, தலைய கீழ வச்சு, இடுப்ப தூக்கியே வைங்க. முக்கக் கூடாது. பிள்ளை கொடிய அழுத்துனா அதுக்கு ரத்தம் போகாதுலா. ஆம்புலன்ஸ் வர நேரமாகும், காருலயே வாங்க!"

பின்சீட்டில் தினேஸ்வரி குப்புற மண்டியிட்டுக் கிடந்தாள். மாரியம்மா அவள் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தாள். கோப்பெங் தாண்டியதும் தங்கச்சி முனகினாள்.

"அண்ணே, பிள்ளை அசையலண்ணே."

கோகிலன் இன்னும் அழுத்தி மிதித்தான். பத்து நிமிடம்! தன் உயிருக்குப் பயந்து ஒதுங்கியதில் போன பத்து நிமிடம். வாய்விட்டே கத்தினான்: "கல்லுமலை முருகா, என்னை எடுத்துக்கோ. அத விட்டுரு!"

"என்ன வார்த்தைடா சொல்ற!" என்று மாரியம்மா ஓவென்று அழுதாள்.

ஆஸ்பத்திரியில் இறங்கிய வேகத்தில் தினேஸ்வரியை அறுவைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கதவு சாத்திய பிறகு தாயும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யுகமாய்ப் போன அரைமணிக்குப் பின் மிஸ்ஸி வந்தாள்.

"பொம்பளப் பிள்ளை. ரெண்டு நிமிசம் அழலை. அப்புறம் அழுதுருச்சு."

மறுநாள் வார்டில் மாரியம்மா பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து எண்ணெய் ஊற்றினாள். "இதுல பாருடா மொதல்ல."

கோகிலன் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான். பயம் போகவில்லைதான். ஆனாலும் குனிந்து பிள்ளையின் முகத்தை நேராகவே பார்த்தான். சிவந்து சுருங்கிய முகம், மாமனைச் சட்டையே செய்யாமல் கொட்டாவி விட்டது.

"போதும்மா. பாத்தாச்சு."

மாரியம்மா கிண்ணத்தை ஓரமாக எடுத்து வைத்தாள். இருவரும் வெளியே வந்து சாலையைக் கடக்கும்போது தூரத்தில் ஒரு லாரி வந்தது. இருபத்தொன்பது வயது மகனின் சட்டையை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். முப்பது நாளைக்கு விடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவனும் கையைத் தட்டிவிடவில்லை.