கம்பி நுழையாத கார்

கார் முடிவாகிவிட்டது என்று அவளுக்குச் சொன்னது ஓரகத்திதான். அதுவும் அவள் ஏணி மேல் நிற்கும்போது.

பல் டாக்டர் வீட்டு முன்னறை. ஒரு சுவர் முழுக்க ஜன்னல்; அதற்குத் திரை மாட்ட வந்திருந்தாள். அவள் வாயில் இரண்டு திருகாணி, கையில் டிரில், இடுப்பில் அளவு நாடா. சட்டைப் பையில் போன் துடித்தது. எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"வெள்ளைக் கலராமே! நல்ல நீளமான வண்டியாம். உங்க அத்தான் வீட்டுக்கு வந்ததுல இருந்து அதே பேச்சுத்தான்."

அவள் திருகாணிகளை உள்ளங்கையில் துப்பினாள்.

"எந்த வண்டிக்கா?"



"தம்பி சொல்லலையா? நேத்தே அட்வான்ஸ் குடுத்துட்டாங்களே. அய்யய்யோ, நான் உளறிட்டேனா?"

"இல்லக்கா. நீங்களாவது சொன்னீங்களே."

அடுத்த துளை தேவைக்கு மேல் ஆழமாக இறங்கியது. சுவர்ப் பூச்சு பெயர்ந்து சோபாவில் விழுந்தது. டாக்டர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "மெதுவா, மெதுவா" என்றாள்.

"மெதுவாத்தான் போடுறேன்!"

அது கத்தலாக வெளியே வந்தது. டாக்டர் மனைவி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கீழே வாடகை வண்டிக்காரன் காத்திருந்தான். காத்திருப்புக்குத் தனிக் காசு. பழைய கார் படுத்ததிலிருந்து இப்படித்தான். ஒவ்வொரு ஜன்னலிலும் வருகிற லாபத்தை வண்டிக்காரன் வாங்கிக்கொண்டு போகிறான். பழைய காரின் அடித்தளம் துருவேறிப் போயிருந்தது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார். "ரிப்பேர் பண்ணலாம். ஆனா அந்தக் காசுக்கு இன்னொன்னே வாங்கிரலாம்" என்றார்.

அந்தக் காரில் வேறு பெருமை ஒன்றும் கிடையாது. பின் சீட்டை மடக்கினால் தட்டையாகப் படுக்கும். முன் சீட்டையும் சாய்த்துவிட்டால், திரை மாட்டும் கம்பி பின் கதவிலிருந்து முன் கண்ணாடிவரை நேராகப் போகும். அது போதும் அவளுக்கு. பின் சீட்டில் பாதியை மட்டும் மடக்கி, காதோரம் கம்பி உரச மகள் அதில் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

புது வண்டிக்கான பணம் அவளுடையது. கணவன் சம்பளம் வீட்டுக் கடனுக்கும் மகள் படிப்புக்கும் சரியாகப் போய்விடும். அவள் ஜன்னல் ஜன்னலாகச் சேர்த்ததுதான் வங்கியில் இருவர் பெயரிலும் கிடந்தது. இருவர் பெயரில் போட்டவளும் அவள்தான். அப்போது அது அன்பு.

கணவனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். கடன் வேண்டாம். இருக்கிற காசுக்குள் ஒரு பழைய வண்டி. எந்த வண்டியானாலும் கம்பி உள்ளே போக வேண்டும்.

அவன் தலையாட்டினான். தலையாட்டிவிட்டு அண்ணனிடம் போய்விட்டான்.

கணவனின் அண்ணனுக்கு வீட்டில் பெரியவர் என்று பெயர். எப்போதோ கொஞ்ச காலம் டயர் விற்றவர். அந்த ஒரே தகுதியால் இந்தக் குடும்பத்தில் அவரைக் கேட்காமல் யாரும் சைக்கிள்கூட வாங்கியதில்லை. காரின் முன்மூடியைத் தட்டுவார். டயரை உதைப்பார். கதவை ஓங்கிச் சாத்திக் கண்ணை மூடிக்கொள்வார். "சத்தத்தை வெச்சே வண்டியோட வயசைச் சொல்லிருவேன்" என்பார். தன் காரை, சும்மா நிற்கிறது என்று போன வருடம் விற்றுவிட்டார். அன்றிலிருந்து தம்பி கார்தான் அவர் கார். கல்யாணத்துக்கு, விமான நிலையத்துக்கு, மனைவியின் முழங்கால் டாக்டருக்கு. கம்பியை இறக்கிவிட்டு, சீட்டை நிமிர்த்தி, துடைத்து, ஓட்டிக்கொண்டு போவது அவள்.

வீட்டுக்கு வந்தபோது கணவன் டீ போட்டு வைத்திருந்தான். தப்பு செய்த நாளில்தான் அவன் டீ போடுவான்.

"வந்துட்டியா? உனக்கு ஒரு நல்ல விஷயம்..."

"அக்கா சொல்லிட்டாங்க."

அவன் முகம் தொங்கிப்போனது. "நான் சொல்லணும்னு இருந்தேன். திடீர்னு கொண்டுவந்து வாசல்ல நிறுத்தினா உனக்கு சந்தோஷமா இருக்கும்னு..."

"என் காசை எடுத்து எனக்கே சந்தோஷம் வாங்கித் தர்றீங்களா?"

"நம்ம காசு."

"இப்ப நம்ம காசு. நான் ஏணியில நிக்கும்போது யார் காசு?"

"கத்தாத. உன்னை நினைச்சுத்தான் பாத்தேன். அளந்தேகூடப் பாத்தேன். உன்னோட இன்னொரு நாடாவை எடுத்துட்டுப் போனேன்." அவன் குரலில் சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. "டிக்கி நீளம், உள்ள இருக்கிற நீளம், ரெண்டையும் கூட்டினா உன் கம்பியை விட ஒரு முழம் அதிகமாவே வருது."

அவள் டீயைத் தொடவில்லை.

"எதையும் எதையும் கூட்டினீங்க?"

"டிக்கியையும், பின் சீட்ல இருந்து முன் கண்ணாடி வரைக்கும் இருக்கிறதையும்."

"பின் சீட் மடங்குமா?"

"மடங்காது. அசையாத சீட்டுதான் உறுதின்னு அண்ணன் சொன்னார்."

"அந்த சீட்டுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

அவன் யோசித்தான். யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"ஒரு... தகடு மாதிரி."

"இரும்புத் தகடு."

"இரும்புத் தகடு" என்றான் அவன்.

அவன் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். மாதக் கடைசியில் கணக்கில் ஒரு பைசா இடித்தால் இரவு சாப்பாடு இறங்காது அவனுக்கு.

"ரெண்டு ரூம் நீளத்தைக் கூட்டி, ஒரே கட்டிலைப் போடலாம்னு சொல்றீங்க. நடுச் சுவரை எங்க கொண்டுபோய் வெப்பீங்க? உங்க அண்ணன் தலையிலயா?"

உள்ளறையில் மகள் சிரித்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். இப்பப் போய் வேணாம்னா அவர் முகத்துல எப்படி முழிக்கிறது?"

"நாளைக்குக் கம்பி கொண்டுவர்றேன்னு நானும் ஒவ்வொரு வீட்லயும் வாக்குக் குடுத்திருக்கேன். நான் அவங்க முகத்துல முழிக்க வேணாமா?"

"அட்வான்ஸ் திரும்ப வராதாம்."

"நான் திருப்பி வாங்குறேன்."

சனிக்கிழமை காலை பழைய கார் விற்கிற இடத்துக்கு வாடகை வண்டியில்தான் போனாள். கூடவே தன் கம்பிகளில் நீளமான ஒன்றைக் கொண்டுபோனாள். கணவனும் ஏறிக்கொண்டான். பெரியவர் முன்பே வந்து நின்றிருந்தார், சலவைச் சட்டையில். ஓரகத்தியும் வந்திருந்தாள். காரில் ஏறி வீட்டுக்குப் போகலாம் என்று வந்தவர்கள்.

வெள்ளைக் கார் பளபளத்தது. டயருக்குக் கறுப்பு அடித்திருந்தார்கள். வியாபாரி சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

அவள் டிக்கியைத் திறந்தாள். கம்பியை உள்ளே விட்டாள். தகட்டில் இடித்து டங்கென்றது. பாதிக்கு மேல் வெளியே நின்றது.

அவள் எடுத்து மறுபடி விட்டாள். இன்னும் பலமாக இடித்தது.

"ஏம்மா, பெயின்ட்டு!" என்று வியாபாரி பதறினான்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "அதுக்கென்ன, ஒரு ஜன்னல் வழியா விட்டு மறு ஜன்னல் வழியா வெளிய எடுத்துக்கோ."

"ரெண்டு பக்கமும் கம்பி நீட்டிட்டு இருக்கும் அத்தான். ரோட்டுல போறவன் தலையையெல்லாம் தட்டிட்டே போகவா?"

"அப்ப கூரை மேல கட்டு."

"இந்தக் கார் மேலயா?" என்றாள் ஓரகத்தி. "ஏணியும் கம்பியும் கட்டிட்டுப் போய் இறங்கினா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"நீ சும்மா இரு" என்றார் பெரியவர். பிறகு இவள் பக்கம் திரும்பினார். குரலில் தேன் தடவிக்கொண்டார். "இங்க பாரும்மா. ஒரு கம்பிக்காக ஒரு குடும்பம் கார் வாங்காம இருக்குமா? ரெண்டா வெட்டிட்டு அங்க போய் ஒட்டுப் போட்டுக்கோ. இல்லையா, சின்ன ஜன்னலா பாத்து வேலை எடு. துணி தொங்கவிடுற வேலைதானே."

அவளுக்குக் காது சுட்டது.

"இந்தக் காரை யார் ஓட்டப் போறா அத்தான்?"

"என்ன கேள்வி இது?"

"உங்க லைசென்ஸ் காலாவதியாயிருச்சு. உங்க தம்பி கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து கார் ஓட்டக் கத்துக்கிட்டே இருக்கார். அக்காவுக்கு முழங்கால் மடங்காது. யார் ஓட்டப் போறா?"

"நீதான் ஓட்டுவ. யார் வேணாம்னா?"

"ஓட்டுறதுக்கு நான். காசு குடுக்குறதுக்கு நான். உள்ள உக்காந்து வர்றதுக்கு நீங்களா?"

"வார்த்தையை அளந்து பேசு."

"அளக்குறதுதான் என் பிழைப்பு. நீங்க ரெண்டு பேரும் அளந்த லட்சணத்தைத்தான் பாத்துட்டு நிக்கிறேன்."

கணவன் தரையைப் பார்த்தான். அவனிடமிருந்து ஒரு வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள். அவன் கறுப்பு டயரைப் பார்த்தான்.

அவள் வியாபாரியிடம் போனாள். "அட்வான்ஸைத் திருப்பிக் குடுங்க."

"இங்க அந்த வழக்கமே கிடையாதும்மா. வேணும்னா அந்தக் காசுக்கு வேற வண்டி பாத்துக்கோங்க."

அவள் பார்த்தாள். வரிசை வரிசையாகக் கார்கள். எல்லாவற்றிலும் சீட்டு, சீட்டு, சீட்டு. கடைசியில், மதிலை ஒட்டி, ஒரு மூடிய சரக்கு வேன் நின்றது. ஏதோ ரொட்டிக் கடையின் வேன். எழுத்துகளைச் சுரண்டியிருந்தார்கள். சுரண்டிய இடம் எழுத்தைப் போலவே தெரிந்தது.

"அதுவா? அது குடும்பத்துக்கு ஆகாதும்மா" என்றான் வியாபாரி. "முன்னாடி ரெண்டே பேர்தான்."

அவள் கம்பியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்கதவைத் திறந்தாள். கம்பி உள்ளே போனது. கதவைச் சாத்த முடிந்தது. திறந்து, மறுபடி சாத்தினாள்.

"எவ்வளவு?"

வெள்ளைக் காரைவிட நன்றாகவே குறைவு. அவள் தன் மெக்கானிக்கைப் போனில் வரச் சொன்னாள். அவர் வந்து அடியில் படுத்தார். துரு இல்லை. என்ஜின் பரவாயில்லை. கியர் மட்டும் கொஞ்சம் முனகியது. அதைச் சொல்லியே விலையை இன்னும் இறக்கினாள்.

கணவன் அருகில் வந்தான். "அவசரப்படாத. வீட்ல பேசிட்டு முடிவு பண்ணலாமே."

"நீங்க பேசினீங்களா?"

"அதுக்குப் பழிக்குப் பழியா?"

"ஆமா."

பெரியவர் தூரத்திலிருந்தே கத்தினார். "ரொட்டி வண்டியில போகப் போறாளாம்! இனிமே உங்க வீட்டு வாசல் மிதிக்கமாட்டேன், பாத்துக்கோ!"

"எதுல வருவீங்க அத்தான்?" என்றாள் அவள்.

அட்வான்ஸ் போக மீதியைக் கட்டிவிட்டு வேனில் திரும்பி வரும்போது கணவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். தோளருகில் ஒரு கையை மடக்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். அவள் அவன் பக்கம் பார்க்கவே இல்லை. கியரை மாற்றும்போதெல்லாம் அது முனகியது. மாற்றத் தேவையில்லாத இடத்திலும் மாற்றினாள்.

வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். வேனை ஒரு சுற்று சுற்றி வந்தாள். சுரண்டிய எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பின்கதவைத் திறந்தாள். உள்ளே வெறும் தகரம். கதவை மூடினாள்.

"நான் எங்கம்மா உக்கார்றது?"

"நீ பஸ்லதானே இப்பப் போற?"

"ஸ்கூலுக்கு சரி. நாம மூணு பேரும் எங்கயாவது போகணும்னா?"

அவள் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தாள்.

"அப்பாவை அன்னிக்கு அவ்வளவு திட்டின" என்றாள் மகள். "நீ யாரையாவது கேட்டியா?"

"உனக்காகவும்தான்டி இதை வாங்கினேன். இந்த வேலை நின்னுட்டா உன் படிப்புக்கு..."

சொல்லும்போதே காதில் விழுந்தது. உன்னை நினைச்சுத்தான் பாத்தேன். அதே பேச்சு. அதே குரல்கூட. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவன் மேல், அவன் அண்ணன் மேல், இப்படிக் கேட்க இந்தப் பெண்ணுக்கு வாய் கொடுத்த தன் மேல்.

"கேக்கல" என்றாள். "ஏறு. ஒரு சுத்து போய்ட்டு வரலாம். நீங்க இறங்குங்க."

கணவன் இறங்கினான். மகள் ஏறி உட்கார்ந்தாள். தோளுக்கு மேல் கையைக் கொண்டுபோய் பெல்ட்டை இழுத்தாள். வரவில்லை.

"வேகமா இழுக்காத. மெதுவா இழு."

மெதுவாகவும் வரவில்லை. அவள் எட்டி, குறுக்கே சாய்ந்து, தானே இழுத்தாள். பெல்ட் உள்ளே எங்கோ இறுகிக் கிடந்தது. துருவைப் பார்த்திருந்தாள். என்ஜினைப் பார்த்திருந்தாள். தன் பக்கத்து பெல்ட்டைப் போட்டுப் பார்த்திருந்தாள்.

"அது வராது" என்றான் கணவன், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு. "ஏறினப்பவே பாத்தேன். கையில பிடிச்சுட்டே வந்தேன்."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"எப்ப சொல்றது?" என்றான் அவன்.

அவள் என்ஜினை அணைத்தாள்.