கணக்கு சாருக்கு எழுதியது

சரோஜா போனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நாளையிலேருந்து இந்தக் கருமம் வேணாம். கணக்கு வரலைன்னா போவட்டும். பத்தாவதோட நிறுத்திக்கோ."

"நான் யாருகிட்டயும் பேரு சொல்லலம்மா. சத்தியமா சொல்லல." அழுது அழுது என் பெண் எழிலரசிக்கு விக்கல் எடுத்தது.

"அப்புறம் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? பேரு, ஸ்கூலு, தெருவு எல்லாம் ஜோசியம் பாத்துக் கண்டுபிடிச்சானா?"

நான் வேங்கிக்கால் பக்கம் ஒரு கட்டடத்தில் கான்கிரீட் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். வாசலில் நின்று காலில் ஒட்டிய சிமெண்டைத் தேய்த்தேன். சிமெண்ட் போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

போனில் வந்திருந்தது இதுதான்: 'எழில், பௌர்ணமிக்கு கிரிவலம் வரேன். உங்க தெருமுனையில நிப்பேன். தனியா வா. கணக்கு புக் வாங்கி வச்சிருக்கேன். வீட்ல சொல்ல வேணாம்.' படித்தவுடன் அவளே கொண்டுபோய் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். காட்டியதற்குத்தான் இவ்வளவு ஏச்சும்.

அவள் ஒன்பதாவது படிக்கிறாள். கணக்கில் சந்தேகம் வந்தால் எங்கள் வீட்டில் யாரைக் கேட்பது? அவள் ஒன்றாவதில் சிலேட்டில் 'அ' எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதினேன். எழுத்து வந்தது. கணக்கு அவளோடு மேலே போய்விட்டது, நான் கீழேயே நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்து ஹைமவதி மிஸ்தான், விவரம் தெரிந்தவர்கள் பாடம் சொல்லித்தருகிற ஒரு வலைத்தளத்தைக் காட்டினார். எப்படிக் கேட்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். சொந்தப் பேர், போட்டோ, ஊர், நம்பர் எதுவும் தரக்கூடாது. பாடத்தை விட்டு வேறு பேச்சு எடுத்தால் உடனே வீட்டில் காட்ட வேண்டும். எழில் எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்தாள். 'மல்லாட்டை' என்று தனக்குப் பேர் வைத்துக்கொண்டாள். வேர்க்கடலை என்றால் அவளுக்கு உயிர்.

எனக்குத்தான் அது உறுத்தியது. சொல்லித்தருகிற வாத்தியார் முன்னால் என் பெண் மல்லாட்டையாகவா நிற்பது? பத்து நாள் முன்னால் அவள் கடைக்குப் போயிருந்தபோது போன் என் கையில் இருந்தது. 'மல்லாட்டை, இருக்கீங்களா?' என்று அந்த வலைத்தளத்தில் அவளுக்குச் சொல்லித்தருகிற கணக்கு சார் கேட்டிருந்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். 'மன்னிக்கணும் ஐயா. பேரு எழிலரசி. நான் அப்பா.' 'அழகா எழுதறீங்க அப்பா' என்று வந்தது. என் எழுத்தை அதுவரை யாரும் அழகு என்று சொன்னதில்லை. எந்த ஸ்கூல் என்றார், எழுதினேன். வீடு எங்கே என்றார். அடி அண்ணாமலையில் எங்கள் தெரு, முனையில் இருக்கிற டீக்கடை எல்லாம் எழுதினேன். நம்பரும் கொடுத்து, கிரிவலம் வந்தால் வீட்டுக்கு வாங்க ஐயா, ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும் என்றும் எழுதினேன். ஒரு வாத்தியாருக்கு நான் எழுதிய முதல் கடுதாசி மாதிரி இருந்தது. அன்றைக்குக் கைவலியே தெரியவில்லை.

"நான்தான் எழுதனேன்" என்றேன்.

சரோஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் டிரம்மிலிருந்து எழுந்தாள்.

"உனக்கு எழுதத் தெரியுதுன்னு எவன்கிட்டயோ காட்டணுமா? அதுக்குப் புள்ளய காட்டிக் குடுக்கணுமா? பாவி, பொய் சொல்றாளேன்னு அதை நாலு சாத்து சாத்திட்டேனே!"

எழில் அழுகையை நிறுத்திவிட்டாள். அவள் என்னைத் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. என்னைப் பார்க்காமல் டிரம்மைத் திறந்து, அரிசிக்குள் கையை விட்டுப் போனை எடுத்துத் துடைத்தாள்.

"முதல்ல அதை அழிச்சுத் தொலை" என்றாள் சரோஜா.

"அழிக்கக் கூடாதும்மா. அதான் சாட்சி. போட்டோ புடிச்சு வச்சுட்டு அப்புறம் பிளாக் பண்ணணும்." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லப்பா?"

மறுநாள் ஹைமவதி மிஸ்ஸோடு ஸ்டேஷனுக்குப் போனோம். வலைத்தளத்துக்கும் மிஸ்ஸே புகார் அனுப்பினார். "அட்ரஸை யாரு குடுத்தது?" என்று எழுதிக்கொண்டே கேட்டார் பெண் போலீஸ். எழில் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னேன்.

பௌர்ணமிக்கு வேலைக்குப் போகவில்லை. சாயங்காலத்திலிருந்தே ஜனம் போய்க்கொண்டிருந்தது. தெருமுனையில் மப்டி போலீஸ் நிற்பதாகச் சொன்னார்கள். அவர்கள் யார் என்றும் எனக்குத் தெரியாது, அவன் முகமும் தெரியாது. எல்லோரும் மலையைப் பார்த்து நடந்தார்கள், நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எழில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். போன் அவளுக்கும் சரோஜாவுக்கும் நடுவில் கிடந்தது. சாயங்காலம் ஆரம்பித்த அதே கணக்கு; அவள் இன்னும் யாரையும் கேட்கவில்லை.

"அண்ணா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?"

கண்ணாடி போட்ட ஆள், தோளில் ஒரு பை. கிரிவலம் போகிறவர்கள் தண்ணீர் கேட்டால் இத்தனை வருஷமாக முகத்தைப் பார்க்காமலே கொடுத்திருக்கிறேன். "சரோஜா, சொம்பு" என்று அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினேன். வாசற்படியை அடைத்து நின்றபடியே கொடுத்தேன். அந்த ஆள் அண்ணாந்து குடித்துவிட்டு, "நல்லாருக்கணும்ணா" என்று சொல்லிக் கூட்டத்தோடு போய்விட்டார். பையில் புத்தகம் இருந்ததா, துணி இருந்ததா, தெரியவில்லை.

"அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லு. காத்தே வரல" என்றாள் எழில்.

ஒரு தோளை மட்டும் ஒதுக்கிக்கொண்டேன்.