திருப்பித் தைத்த கை

கையைத் திருப்பி வைத்துத் தைத்த சட்டையை நீங்கள் எப்போதாவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் செமாக்குலா போட்டுப் பார்த்தார். போட வைத்தவர் நலொங்கோ நபோசா.

நலொங்கோ எங்கள் ஊரான மசாக்காவின் கடைத்தெருவில் கோமெசி தைப்பவர். பெண்கள் விசேஷங்களுக்குப் போடும், தோள் கூம்பாக நிற்கும் அந்த உடுப்பை அவர் தைத்தால் கல்யாணம் முடியும்வரை தோள் சாயாது. இரட்டைப் பிள்ளை பெற்றவர் என்பதால் ஊரே அவரை நலொங்கோ என்றுதான் கூப்பிடும். தேய்ந்துபோன வலது முழங்காலுக்கு டாக்டர் செயற்கை மூட்டு வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. காலை மடக்கினால் முட்டிச் சில்லு வெளிப்பக்கம் சரிந்தது. படி இறங்கும்போது இரண்டு முறை விழுந்துவிட்டார்.

இங்கே பெண்கள் பெரியவர்களுக்கு மண்டியிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள். அதனால் எந்தப் பெண்ணுக்கு முட்டி வலித்தாலும் பழி அதன் மேல்தான். டாக்டரும் சீட்டில் அதைத்தான் எழுதினார்: மண்டியிடக் கூடாது. நலொங்கோ நிறுத்திவிட்டார். நாற்காலியில் இருந்தபடியே வணக்கம் சொன்னதற்கு நாத்தனார் "அரண்மனையிலேருந்து வந்துட்டாங்க" என்றாள். சில்லு அப்போதும் சரிந்தது.

டிசம்பரில் மூத்த மகள் பாபிரியேவுக்குக் குவாஞ்சுலா. மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாகப் பெண் வீட்டுக்கு வரும் நாள். பெண்ணைப் பெற்றவள் அவர்கள் முன்னால் மண்டியிட வேண்டும். அதற்கு ஒரு முட்டி வேண்டும்.

ஏப்ரலில் ஒரு நாள் வேறொருவரின் படங்களைக் கொடுக்க டாக்டரின் அறைக்குப் போனேன். ஸ்கேன் எடுப்பது என் வேலை, இந்த ஊரில் பதினோரு வருடமாக. நலொங்கோ உள்ளே இருந்தார்.

"நேராத்தான் இருக்கு, நலொங்கோ," டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்தார். "நீங்க மறுபடி மண்டி போட்டிருப்பீங்க."

"ஒரு வருஷமா சர்ச்சுலகூட நின்னுக்கிட்டேதான் ஜெபம் பண்றேன். சாமியே என்னைத் திமிர் பிடிச்சவள்னு நினைச்சிருக்கும்."

"அப்ப தொடைக்குப் பலம் பத்தல. பயிற்சி பண்ணுங்க."

"நாலு மாசம் பண்ணேன் டாக்டர். தொடை பலமாயிடுச்சு. இப்ப சில்லை இன்னும் பலமா இழுக்குது."

பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதைப் போடுங்க."

"எனக்கா?"

"உங்க அளவுதான். வருஷம் பூரா உங்க முதுகைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கை தொங்கியபோது ஒரு சுருக்கம்கூட இல்லை.

"இப்ப அலமாரி மேல இருக்கிற பைலை எடுங்க."

எடுக்கப்போனார். தோள் இழுத்தது, காலர் ஒருபக்கம் ஏறியது, ஒரு பொத்தான் தெறித்து மேசைக்கடியில் ஓடியது.

"துணியும் நல்ல துணி, நூலும் நல்ல நூல்," என்றார் நலொங்கோ. "கையை மட்டும் ஒரு விரல்கடை உள்பக்கமாத் திருப்பி, வேணும்னே தச்சேன். தொங்கும்போது தெரியாது. தூக்கினாத்தான் தெரியும். நீங்க என் காலை நீட்டி வச்சே படம் எடுக்கிறீங்க."

டாக்டர் எக்ஸ்ரே விளக்கை அணைத்தார். பிறகு அவரைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, சில்லின் மேல் விரலை வைத்து, காலை மடக்கச் சொன்னார். விரலுக்கடியிலேயே அது நழுவியது.

"இன்னைக்கே சிடி ஸ்கேன் எடுப்பா," என்றார் என்னிடம்.

எடுத்தேன். தொடை எலும்பின் இரு பக்க மேடுகளையும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். பொருத்திய உலோகத்தின் பின்விளிம்பை ஒட்டி இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகப் போக வேண்டும். போகவில்லை. மூன்று முறை போட்டேன்: ஏழு டிகிரி, ஏழு, எட்டு. அவ்வளவும் உள்பக்கமாக. கீழே காலெலும்பில் வைத்த தகடும் அதே பக்கம் திரும்பியிருந்தது.

டாக்டர் அந்தச் சட்டையோடேயே எனக்குப் பின்னால் நின்றார்.

"நான் வச்சதுதான்," என்றார். "நான்தான் திருப்பி வச்சிருக்கேன்."

பதினோரு வருடத்தில் அந்த அறையில் எந்த டாக்டரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நலொங்கோவிடமும் அதையே போய்ச் சொன்னார்.

"பிரிச்சுத் தைப்பீங்களா?"

"தைக்கிறேன், நலொங்கோ. இந்தச் சட்டையையும் சரி பண்ணிக் குடுங்க."

"முதல்ல என் கால். அப்புறம் எம் பொண்ணு. அப்புறம் உங்க சட்டை."

மே மாதம் இரண்டு உலோகங்களையும் எடுத்துவிட்டு, புதியவற்றைத் திசை பார்த்து வைத்தார். தையல் போடுமுன் மடக்கிப் பார்த்தபோது, யாரும் பிடிக்காமலே சில்லு பள்ளத்தில் நேராக ஓடியதாம். டாக்டரே வந்து சொன்னார். நவம்பரில், மெத்தை போட்டு மண்டியிடலாம் என்று சீட்டில் எழுதினார்.

குவாஞ்சுலாவுக்கு நலொங்கோ டாக்டரையும் என்னையும் அழைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் உட்கார்ந்ததும் நலொங்கோ நடந்து வந்தார். பாய்மேல் போட்ட மெத்தையில் இரண்டு முட்டியையும் ஊன்றினார். அவர்களுக்காகப் பேச வந்தவர் வீடு, மழை, மாடு கன்று என்று விசாரித்துக்கொண்டே போனார். நலொங்கோ ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். எல்லோரும் மணப்பெண் எப்போது வருவாள் என்று பார்த்திருந்தார்கள். டாக்டர் மட்டும் கோமெசி மூடிய அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நலொங்கோ எழுந்தார். கை ஊன்றவில்லை. முதலில் குலவையிட்டது நாத்தனார்தான். பிறகு பந்தலே குலவையிட்டது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்களைக் கடந்து போகும்போது நலொங்கோ குனிந்தார்.

"தையல் பரவாயில்ல, டாக்டர்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு நலொங்கோ கடையைத் திறந்து, ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்து, கையைப் பிரித்து நேராகத் தைத்தார்.