மேற்குச் சுவரில் அடித்த தண்ணீர்

உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தால் எந்த மனுவும் நகராது என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதினால் யார் எட்டிப் பார்ப்பார்கள்? இருட்டில் பாம்பை மிதித்தோம் என்று எழுத வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லையா, தெருவே காய்ச்சலில் கிடக்கிறது என்று எழுத வேண்டும். அனுசியா இதில் கைதேர்ந்தவள். அவள் தெருவுக்கு விளக்கு வந்தது அந்தப் பாம்பினால்தான். பாம்பை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் அவள் கெட்டாள்.

அவள் தையல் வகுப்பு நடத்தியது நகராட்சியின் பழைய பிரசவ ஆஸ்பத்திரிக் கட்டடத்தில். ஆஸ்பத்திரி வேறு இடத்துக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. தடித்த சுண்ணாம்புச் சுவர், உயரமான ஜன்னல்கள், தலைக்கு மேலே தேக்கு உத்தரங்கள். மேகம் மூடின நாளிலும் விளக்குப் போடாமல் ஊசியில் நூல் கோக்கலாம். வத்திராயிருப்பிலிருந்தும் சுந்தரபாண்டியத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிற பெண்கள் கோடையில் வகுப்பு முடிந்தும் கிளம்ப மாட்டார்கள், உள்ளே அவ்வளவு குளிர்ச்சி. ஒரே குறை, ஓடுகள் உடைந்து மழைக்கு ஒழுகும். அதைச் சரியாகப் பழுது பார்த்துவிட்டால் தன் காலத்துக்குப் பிறகும் அங்கே பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள் என்று நினைத்தாள். அதற்கு மேல் அவளுக்குப் பெரிய ஆசை கிடையாது.

ஆடிக் காற்று அடிக்கிற நாளில் கௌதம்ராஜ் வந்தான். அவள் கணவனின் சித்தப்பா மகன். இராஜபாளையத்தில் கட்டட காண்ட்ராக்டர்.

"மதினி, பழைய கட்டடத்தை எல்லாம் இடிக்காம காப்பாத்த மேலருந்து பணம் வருது. நம்ம ஆஸ்பத்திரியையும் அதுல சேத்திரலாம். வேலையை நானே எடுத்துச் செஞ்சு தாரேன். ஆனா பார்க்க வாரவிய கண்ணுக்கு இது நல்லாத் தெரியக் கூடாது."

"ஓடு ஒழுகுறதைக் காட்டுவோம் தம்பி."

"ஒழுகுறதுக்கு யாரு மதினி பணம் குடுப்பா? விழப்போறதுக்குத்தான் குடுப்பாக. தெருவிளக்கு வாங்கின ஆளு நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?" புறப்படும்போது வாசலில் நின்று சுவரை உள்ளங்கையால் தட்டினான். "நான் பொறந்த கட்டடம் மதினி. விட்ருவேனா?"

அந்தக் கடைசிப் பேச்சில்தான் அவள் மயங்கினாள்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் ஹோஸ் பைப்பைப் பிடித்து மேற்குச் சுவருக்குத் தண்ணீர் அடித்தாள். சுவர் ஊறிக் கறுத்தது, பாசி பிடித்தது. காரைப் பூச்சை உளியால் பெயர்த்தாள். லேசில் பெயரவில்லை, கை கொப்பளித்துப் போயிற்று. 'ஆபத்து, அருகில் வராதீர்' என்று ஓர் அட்டையும் கட்டித் தொங்கவிட்டாள்.

"இம்புட்டு வேணுமாக்கா?" என்று கேட்டாள் வகுப்பில் மூத்தவளான ஜெயசித்ரா.

"ஏட்டி, பேசாம அட்டையைப் பிடி."

அதிகாரிகள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமையாக வந்த அம்மாள் நல்ல மனுஷி. சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு அனுசியாவைத் தனியே கூப்பிட்டார். "ஈரம் மேலோட நிக்குதா, உள்ளயும் இறங்கியிருக்கா? தினம் இங்க இருக்கிறவங்க நீங்க. மனசில உள்ளதைச் சொல்லுங்க."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அனுசியா சற்றுத் தள்ளி நின்ற கௌதம்ராஜைப் பார்த்தாள். அவன் கண்ணைக் காட்டினான். உடனே இவளுக்கு அழுகை பொங்கி வந்தது. இவளுக்கே ஆச்சரியம்.

"காத்தடிச்சா எனக்குத் தூக்கம் இல்லம்மா. எப்ப விழுமோன்னு இருக்கு. பிள்ளையள உள்ள உக்கார வச்சிட்டு ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்கு."

அந்த அம்மாளின் முகம் வெளிறிப் போனது.

"பிச்சு உதறிட்டீக மதினி," என்றான் கௌதம்ராஜ், அவர்கள் வண்டி கிளம்பியதும். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கொஞ்ச நாளில், வேலை ஆரம்பிக்கப் போகிறது என்று சொல்லி, தையல் மெஷின்களைத் தன் மினி லாரியிலேயே ஏற்றி இராஜபாளையத்துக் குடோனில் கொண்டுபோய் வைத்தான். கட்டடத்துச் சாவியை வெற்றிலை பாக்கோடு அவன் கையில் கொடுத்தாள் அனுசியா.

ஒரு காலையில் ஜெயசித்ரா போன் செய்தாள். "அக்கா, ஜேசிபி வந்து நிக்கு."

"மண்ணைத் தள்ளுவாகளா இருக்கும்."

"இல்லக்கா. கூரை ஓடெல்லாம் பிரிச்சாச்சு."

அனுசியா போட்டது போட்டபடி ஓடினாள். மேலே வானம் தெரிந்தது. உத்தரங்களை இறக்கி அதே மினி லாரியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் மரத்தை நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மர வியாபாரி ஞானதுரையாம்.

"எதுக்கு அண்ணாச்சி இறக்குனீக? பழுது பார்க்கத்தான?"

"பழுதா? விழப்போற கட்டடத்துக்குப் பணம் போட முடியாது, பிள்ளையளுக்கு ஆபத்து, இடிச்சிருங்கன்னு உத்தரவு வந்துருச்சும்மா. இடிக்கிற வேலையும் மரமும் கௌதம்ராஜுக்கு." பெரியவர் உத்தரத்தை ஆசையாகத் தட்டினார். "அசல் தேக்கு. பங்குனியிலயே என்னைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டாரு. சொன்ன சொல் மாறல."

பங்குனி. ஆடியில்தான் அவளிடம் வந்து 'விட்ருவேனா' என்றான். அதற்கு முன்பே மரத்துக்கு ஆள் பிடித்துவிட்டான். இடிக்கத்தான் அவளை அழ வைத்திருக்கிறான். குடும்பத்துப் பையன் என்று நம்பி, தன் கையாலேயே அந்தச் சுவருக்குக் குழி பறித்திருக்கிறாள்.

மேற்பார்வைக்கு நின்ற நகராட்சி இளைஞரிடம் ஓடினாள். "நிறுத்தச் சொல்லுங்க சார். கட்டடம் நல்லா இருக்கு. நான்தான் தண்ணி அடிச்சேன், நான்தான் காரையைப் பேத்தேன். சொன்னது எல்லாம் பொய்!"

அவர் இரக்கத்தோடு பார்த்தார். "அன்னைக்கு நீங்க அழுததை நானும் பார்த்தேம்மா. பழகின இடம், மனசு கேக்காது. செத்த நேரம் அந்தப் பக்கம் உக்காருங்க."

ஜேசிபி மேற்குச் சுவரில் மோதியது. சுவர் அசையவில்லை. மறுபடி மோதியது. கொஞ்சம் காரை உதிர்ந்தது, அவ்வளவுதான். வெயில் ஏறிய பிறகும் சுவர் அப்படியே நின்றது. டிரைவர் எரிச்சலோடு இறங்கி வந்தான்.

"எந்தப் புண்ணியவான்யா இது விழுந்துரும்னு சொன்னது? மெஷின் பல்லுதான் தேயுது."

எல்லோரும் அனுசியாவைத்தான் பார்த்தார்கள்.

"நான்தான்," என்றாள்.

கௌதம்ராஜ் சிரித்துக்கொண்டே வந்தான். "மதினி, தூசி பறக்கு. உங்க பைப்பை எடுத்துச் சுவர்ல கொஞ்சம் தண்ணி அடிச்சு விடுங்களேன். உங்களுக்குத்தான் கைப்பழக்கம்."

ஹோஸ் பைப் அவள் சுருட்டி வைத்த இடத்திலேயே கிடந்தது. பையிலிருந்து துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து, அதைத் துண்டு துண்டாக வெட்டி அவன் காலடியில் போட்டாள். அவனைத் தம்பி என்று தவிர வேறு மாதிரி அவள் கூப்பிட்டதே இல்லை.

"ஏலே, நீயும் இந்தச் சுவருக்குள்ளதான்லே பொறந்த."

"அதுக்கென்ன மதினி இப்ப?" என்றான் கௌதம்ராஜ். டிரைவர் பக்கம் திரும்பி, "நீ இடி," என்றான்.