இஞ்சி தூக்கல்

"வாயைத் தொறங்கப்பா" என்று தகப்பனாரின் தாடையைப் பிடித்துக்கொண்டாள் முத்துவடிவு. பக்கத்து வீட்டு ஹைருன் பீவி, இளகிய அல்வாவை ஒரு கரண்டி ஊட்டினாள்.

குற்றாலநாதனுக்குத் தொண்ணூற்றொரு வயது. ஐந்து நாட்களாக இழுத்துக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு ஆசைதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறதென்று, 1981ஆம் வருஷத்துச் சாரலில் நனைந்தபடி தெருவே ஆளுக்கொரு கிண்ணத்தோடு வந்து போனது. வயல் மண் கரைத்த தண்ணீர், ஐந்தருவித் தண்ணீர், கற்கண்டுப் பால் எல்லாம் ஆயிற்று. அவர் எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. விழுங்கினார், விழுங்கிவிட்டுக் குறை சொன்னார்.

"நெய்... காறிட்டு."

வீடே சிரித்தது. ஹைருன் பீவியும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏட்டி வடிவு, உங்கப்பாவுக்கு நாக்கு மட்டும் இன்னும் எளவட்டமாத்தான் இருக்கு!"

முத்துவடிவு கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. நாலரைக்குத் தபால் கட்டிவிடுவார்கள்.

அலமாரியில் இரண்டு கவர்கள் ஒட்டாமல் கிடந்தன. ஒன்று பாளையங்கோட்டைக்கு: நான்கு மாத பேக்கரிப் படிப்பு. மற்றது மெட்ராஸுக்கு: ஒரு வருஷம், ஹாஸ்டலில் தங்கி, பெரிய ஓட்டல் வேலைக்கான சமையல் படிப்பு. எதற்கானாலும் பள்ளிச் சான்றிதழின் அசலை வைத்து இன்றைக்கே அனுப்ப வேண்டும். அசல் ஒன்றுதான் இருந்தது.

"பேக்கரிக்கே போட்டுரு" என்றான் அண்ணன் காந்திமதிநாதன். "வாராவாரம் வீட்டுக்கு வந்துரலாம். ஆம்பளையளோட ஓட்டல் அடுப்புல போயி நிக்கப் போதியாக்கும்? நம்ம வீட்லயே உஞ்சமையல ஆரு நல்லாருக்குன்னு சொல்லிருக்கா?"

அதுதான் அவளையும் அரித்துக்கொண்டிருந்தது. பதினான்கு வருஷமாகப் பகலெல்லாம் பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள். காலையும் மாலையும் இந்த வீட்டுக்குச் சமைத்தாள். உப்பு கம்மி என்பார் அப்பா. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கை கழுவுவான்.

அவள் அடுப்படிக்குப் போய்ச் சிறு கிண்ணத்தோடு திரும்பினாள்.

"என்னட்டி அது?" என்றாள் ஹைருன் பீவி.

"சொதிதான்க்கா. வந்தவங்களுக்காக காலையில வச்சது. ஒருத்தரும் தொடல."

தேங்காய்ப்பால் குழம்பில் எலுமிச்சை மணந்தது. ஒரு கரண்டி உள்ளே போயிற்று. குற்றாலநாதன் பல்லில்லாத வாயால் அதை மென்றார். எல்லாரும் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"இஞ்சி... தூக்கல்."

சிரிப்பு வெடித்தது. முத்துவடிவு கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். ஆனால் அப்பாவின் வாய் மூடவில்லை.

"என்னப்பா வேணும்?"

"ம்."

"எம்மா, இன்னொரு கரண்டில்லா கேக்குதாரு!" என்று கத்தினாள் ஹைருன் பீவி. "எங்க அல்வாவுக்குக் கூட இப்படித் தொறக்கலையே!"

இரண்டு, மூன்று, நான்கு. ஆறாவது கரண்டியை விழுங்கிவிட்டு, உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டார். பிறகு தலை மெல்லச் சாய்ந்தது.

"கல்யாணச் சாவுல்லா இது!" என்று யாரோ சொல்லி அழுதார்கள். "சொதிக்குத்தான் காத்துக் கெடந்திருக்காரு" என்று இன்னொருத்தி அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். முத்துவடிவுக்கும் இரண்டும் சேர்ந்தே வந்தன.

"ஆக்கி வச்சதையெல்லாம் வெளிய கொட்டுங்க. சாவு வீட்ல வச்சிருக்கப்பிடாது" என்றது ஒரு குரல். காந்திமதிநாதன் சொதிப் பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனான்.

ஹைருன் பீவி அவள் காதருகே குனிந்தாள். "இனி நீ படியிறங்க முடியாது. நான் தபாலாபீசுக்கு ஓடிட்டு வாரேன். எந்தக் கவருட்டி?"

முத்துவடிவு எழுந்து போய், சான்றிதழை மெட்ராஸ் கவருக்குள் வைத்து ஒட்டினாள்.

"உங்க அண்ணன் கேட்டா?"

"நாஞ் சொல்லிக்கிடுதேன்க்கா."

கவரை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு ஹைருன் பீவி சாரலில் இறங்கி ஓடினாள்.

சொல்லிவிடுவதென்று கொல்லைக் கதவைத் திறந்தாள் முத்துவடிவு. கிணற்றடியில் காந்திமதிநாதன் முதுகைக் காட்டிக் குத்தவைத்திருந்தான். கொட்டப் போன பானை மடியில் இருந்தது. கையை உள்ளே விட்டு ஓரமெல்லாம் வழித்தான். விரல்களை ஒவ்வொன்றாக நக்கினான். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. பானையைச் சாய்த்து உள்ளே பார்த்துவிட்டு மறுபடியும் வழித்தான்.

தெருவில் கொட்டுச் சத்தம் தொடங்கியது. அவன் வழித்து முடிக்கும் வரை முத்துவடிவு கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.