பழைய ஷெல்லில் ஓடாத கட்டளை

மானிப்பாயிலிருந்த அந்தச் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் யுனிக்ஸ் இயங்குதளம் என்றால் ஷரோன் என்றுதான் பேச்சு. நெல்லியடியிலிருந்து வித்தியா வேலைக்கு வந்து சேரும்வரை அப்படித்தான் இருந்தது.

கணினிக் கட்டளைகளை எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கத்தைத் திரையில் காட்டுவதற்கு 'மேன்' என்றொரு கட்டளை உண்டு. அலுவலகத்தில் அது ஆங்கிலத்தில்தான் பேசும். வித்தியா அதைத் தமிழிலும் பேசவைக்க ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரலொன்றை எழுதினாள். அதைப் பார்த்த பொறுப்பாளர் பிறேம் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும்பியே விட்டார்.

"ஷரோன், இஞ்சை வந்து பாரும். இவ்வளவு காலமும் எங்களுக்கு இது தோன்றேல்லையே!"

'எங்களுக்கு' என்று அவர் சொன்னது தன்னைத்தான் என்று ஷரோனுக்குப் பட்டது. "நல்லாயிருக்கு" என்றாள். வயிறு எரிந்தது. அதன்பிறகு சர்வர் நின்றுபோனால் பிறேம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அதிலும் வித்தியாவின் பெயர்தான் முன்னால் வந்தது.

பிழை பிடிக்கவென்றே ஒருநாள் ஷரோன் அந்த ஸ்கிரிப்டைத் திறந்தாள். பிடித்தும்விட்டாள். ஒரு நிபந்தனையை வித்தியா இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதியிருந்தாள். கட்டளைகளை வாசித்து நிறைவேற்றுவது ஷெல் என்ற நிரல்; அலுவலகக் கணினிகளில் உள்ள பாஷ் என்ற புதிய ஷெல்லுக்கு அது விளங்கும். வெள்ளிக்கிழமை வித்தியா அதை மாணவர்களுக்குச் செய்துகாட்டப் போகிற வட்டுக்கோட்டைப் பயிற்சி நிலையத்திலோ பழைய ஷெல் மட்டும்தான். அதற்கு விளங்காது.

சொல்ல ஒரு நிமிடம் போதும். ஷரோன் கோப்பை மூடிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

வெள்ளிக்கிழமை பிறேமும் ஷரோனும் பக்கத்தில் நிற்க, மாணவர்கள் முன்னால் வித்தியா கட்டளையைத் தட்டினாள். ஏதோ பிழைச் செய்தியும், அதன் கீழே 'அப்படியொரு விளக்கம் இல்லை' என்ற வரியும் வந்தன. வேறொன்றைத் தட்டினாள். அதற்கும் அதே பதில். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஷரோனுக்கு உள்ளே இனித்தது. அப்போது வித்தியா திரும்பினாள், பிறேமிடம் அல்ல.

"அக்கா, ஒருக்கா பாருங்கோவன்."

ஷரோன் உட்கார்ந்தாள். கோப்பைத் திறந்து நேரே அந்த வரிக்குப் போனாள். இரட்டை அடைப்பை ஒற்றையாக்கினாள், இரண்டு சமக்குறிகளில் ஒன்றை அழித்தாள். கட்டளையை மறுபடி தட்டியதும் தமிழ் விளக்கம் திரை நிறைய வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"எங்கடை ஷரோன் எண்டால் சும்மாவே!" என்றார் பிறேம்.

எத்தனையோ கிழமையாக அவள் ஏங்கிய சொல் அது. ஆனால் வித்தியா கைதட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: "எந்த வரி எண்டு நீங்கள் தேடவேயில்லை. முதலே தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீ வந்தாப்பிறகு என்னை ஒருத்தரும் தேடீனமில்லை."

வாய்விட்டுச் சொன்னபோது அது சின்னப்பிள்ளையின் முறைப்பாடு போல அவளுக்கே கேட்டது. வித்தியா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை வித்தியா தன் லாப்டொப்பைக் கொண்டுவந்து ஷரோனின் மேசையில் வைத்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"புதுசா எழுதினது. பழைய ஷெல்லிலை ஓடுமோ எண்டு பாருங்கோ. பிழை இருந்தால் இப்பவே சொல்லிப்போடுங்கோ."

ஷரோன் வாசித்தாள். ஒரு பிழையும் இல்லை. தன்னால் இப்படி எழுத முடியாது என்று தெரிந்தது. பழைய இடத்திலேயே மறுபடி சுருக்கென்றது.

"ஓடும்" என்றாள். பிறகு சொல்லைத் தேடிப் பிடித்து, "நல்லா எழுதியிருக்கிறாய்" என்றாள்.

வித்தியா நம்பாமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"இன்னொருக்கா பாருங்கோ."

ஷரோன் மறுபடி முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.